இருபத்தேழாம் நம்பரின் வாடகை

அந்த நாட்களில் எந்தச் செலவையும் நான் தலைக்கணக்கில்தான் பார்ப்பேன். மலேசியாவில், ஈப்போவில் ஒரு முடிதிருத்தும் கடையில் வேலை. பெரியவர்களுக்கு முடி வெட்ட இரண்டு வெள்ளி. அதில் ஒன்று முதலாளிக்கு, ஒன்று எனக்கு. ஆக ஒரு தலை வெட்டினால் என் கையில் ஒரு வெள்ளி. ஊர்க் காசில் மூன்றரை ரூபாய். ஒரு தட்டுச் சோறு, கறி ஊற்றி, ஒன்றேகால் தலை. மூன்று முறை டீ குடித்தால் ஒரு தலை போயிற்று. ஊருக்குக் கடிதம் எழுதி அஞ்சல் பெட்டியில் போட்டால் அரைத் தலை. இப்படி எண்ணி எண்ணியே பழகிவிட்டதால் தெருவில் நடக்கும்போதுகூட ஆட்களின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். முடி வளர்ந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

எழுபதுகளின் கடைசியில், மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கிளம்பியபோது என் மனைவி ஏழு மாதக் கர்ப்பம். இரண்டு வருஷம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு வருஷத்தில் ஊரில் சொந்தமாக ஒரு கடை போடும் அளவுக்குச் சேர்த்துக்கொண்டு திரும்பிவிட வேண்டும். அதற்கு மேல் போனால் பிறக்கப்போகிற குழந்தைக்கு நான் யாரோ ஒருவன். இந்த ஒரு பயத்தைத் தவிர வேறு எதற்கும் நான் அப்போது பயந்தவன் இல்லை.

வெளிநாட்டுச் சம்பளத்தைப் பற்றி ஊரில் எல்லாரும் பேசினார்கள், வெளிநாட்டுச் செலவைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் ஓர் அறையில் நான்கு பேர் படுத்தோம். என் பங்கு முப்பது வெள்ளி. மின்விசிறிக்குத் தனியாக இரண்டு வெள்ளி, துணி காயப்போடும் கம்பிக்கு ஒரு வெள்ளி. கம்பிக்குக் கூடவா என்று கேட்டதற்கு வீட்டுக்காரர், "வெயில் சும்மாதான் தம்பி. கம்பி என்னோடது" என்றார். முதல் மூன்று மாதத்தில் நான் ஊருக்கு அனுப்பியதைச் சொன்னால் வெட்கக்கேடு. கப்பல் செலவுக்கே அது காணாது.

எங்கள் கடைக்கு மாதம் ஒரு முறை ஒரு கிராணி வருவார். கிராணி என்றால் ரப்பர் தோட்டத்தில் ஆட்களின் வேலைக்கணக்கு எழுதுகிறவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் குடை, எழுபது வயது இருக்கும். சிம்பாங் பூலாய்க்கு உள்ளே அவர் வேலை பார்த்த தோட்டத்தை முதலாளிகள் துண்டு துண்டாக விற்றபோது, தொழிலாளர் குடியிருந்த லயத்தையும் அதை ஒட்டிய கொஞ்சம் நிலத்தையும் அவரே வாங்கிக்கொண்டார் என்று கேள்வி. ஒரு நாள் என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எங்க இருக்கிறீர் தம்பி?"

"புந்தோங்லங்க ஐயா. நாலு பேரா ஒரு ரூம்ல. முப்பது வெள்ளி."

"எங்கட லயத்தில ஒரு வீடு சும்மா கிடக்குது. பத்து வெள்ளி. முழு வீடும் உமக்குத்தான்."

கத்தரிக்கோல் கையில் நின்றுவிட்டது. இருபது தலை மிச்சம்.

"ஒரே ஒரு விசயம்" என்றார் அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து. "காலமை அஞ்சரைக்கு நான் பெரட்டு எடுப்பன். இருபத்தேழு எண்டு கூப்பிட்டா, 'இருக்கிறன் ஐயா' எண்டு நீர் சொல்லோணும். அவ்வளவுதான்."

பெரட்டு என்பது தோட்டத்தில் விடியுமுன் ஆட்களை நிறுத்தி வருகை எடுப்பது. தோட்டமே இல்லாத இடத்தில் எதற்குப் பெரட்டு என்று அவர் போனபிறகு பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டேன். அவர் புந்தோங்கிலேயே பிறந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்னைக் கிண்டல் பண்ணாமல் அவருக்குப் பொழுது போகாது.

"பத்து வெள்ளிக்கு முழு வீடா? ரொம்ப மூராவா இருக்கேலா. பேய்தான் மீதி வாடகை கட்டுது மச்சான்."

மூரா என்றால் மலாயில் மலிவு. பேய் கட்டினால் கட்டட்டும், எனக்கு மிச்சம்தானே என்றேன். அப்படித்தான் இருந்தது என் புத்தி.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். தகரக் கூரை, பலகைச் சுவர். பத்து வீடுகளுக்குக் கதவே இல்லை. உள்ளே புல் முளைத்திருந்தது. ஆட்களெல்லாம் புந்தோங்குக்கும் கமுந்திங் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டார்கள். மிஞ்சியது பதினோராவது வீட்டில் ஓர் அக்கா. ஐம்பதை நெருங்கும் வயது. முன்னே ரப்பர் மரத்தில் பால்வெட்டு வேலை செய்தவர், இப்போது பக்கத்தில் ஒரு சீனரின் காய்கறித் தோட்டத்தில் கூலி. எனக்குப் பன்னிரண்டாவது வீடு. கிராணியின் வீடு சற்றுத் தள்ளி மேட்டில் இருந்தது. பின்னால் இன்னும் வெட்டாத ரப்பர் மரங்கள், அதற்குப் பின்னால் சுண்ணாம்பு மலை.

முதல் நாள் காலை தண்டவாளத் துண்டில் இரும்பு அடிக்கும் சத்தம் கேட்டு எழுந்தேன். வாசலில் கிராணி பெரிய புத்தகத்தை விரித்துக்கொண்டு நின்றார். எதிரே வெறும் பனி.

"ஒண்டு" என்றார். கொஞ்ச நேரம் காத்தார். புத்தகத்தில் ஏதோ குறித்தார். "ரெண்டு." மறுபடி அதே அளவு காத்தார்.

ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் ஆள் வரிசையிலிருந்து குரல் கொடுக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் விட்டார். அவர் கண்ணும் ஒவ்வோர் எண்ணுக்கும் வேறு வேறு இடத்தில் போய் நின்றது. இருபத்தேழு வந்ததும் நான், "இருக்கேங்க ஐயா" என்றேன். அடுத்து இருபத்தெட்டு. "இருக்கேன்யா" என்று பக்கத்து வாசலிலிருந்து அக்காவின் குரல். முப்பத்தாறு வரை போய்ப் புத்தகத்தை மூடினார். முப்பத்தாறு எண்களுக்கு நாங்கள் இரண்டு பேர்.

கிழவருக்குக் கிறுக்கு என்று நினைத்துக்கொண்டு மறுபடி படுத்துவிட்டேன். பத்து வெள்ளிக்கு ஒரு கிறுக்கைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இரண்டு வாரம் கழித்து அக்கா ஒரு சட்டையைக் கொண்டு வந்தார். நீலக் கட்டம் போட்டது, மடிப்பில் கற்பூர வாசம்.

"அவரு சட்டை தம்பி. சும்மா கிடக்கு. கடையில புதுசு எடுத்தா ஏழு வெள்ளி சொல்லுவான்லா."

அவர் கணவர் இந்தியாவுக்குப் போய் ஒன்பது வருஷம். குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் வேலை அனுமதி வாங்கினால்தான் வேலை என்று சட்டம் வந்தபோது அவரிடம் இருந்தது சிவப்பு அட்டை. இங்கேயே பிறந்ததால் அக்காவிடம் நீல அட்டை. ஊருக்குப் போய் ஒரு வழி பண்ணிவிட்டு வருகிறேன் என்று பினாங்கில் கப்பல் ஏறினாராம். இரண்டு கடிதம் வந்தது, பிறகு இல்லை. இதை அக்கா சொன்னபோது ஐயோ பாவம் என்று இருந்தது. சட்டையையும் வாங்கிக்கொண்டேன். எனக்கென்றே தைத்ததுபோல் தோள் சரியாக இருந்தது.

பிறகு செருப்பு வந்தது. பிறகு ஒரு பழைய சைக்கிள். பேருந்துக் காசு அதோடு மிச்சம். பிறகு ராத்திரிச் சாப்பாடு. "ஒரு ஆளுக்குப் பொங்கினா மீந்து போவுதுலா" என்று சொல்லி, கருவாட்டுக் குழம்பும் சோறும் மூடிய தட்டில் என் வாசலில் இருக்கும். எனக்குப் புளி கூடினால் ஆகாது. அவர் குழம்பில் புளி தூக்கலாக இருக்கும். சும்மா கிடைப்பதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாலைந்து மாதத்தில் புளி குறைந்தால்தான் ஒரு மாதிரி இருந்தது.

மாதச் செலவு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஊருக்கு நூறு, நூற்றைம்பது என்று அனுப்பினேன். நாற்காலிக்காரர் நான் நடப்பதைக் கடையில் எல்லாருக்கும் நடித்துக் காட்டினார்.

"என்ன மச்சான், ஒரு பக்கமா சாஞ்சு நடக்குற? தோட்டத்துல எதாச்சும் ஏறிக்கிச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். இடது செருப்பு வெளிப்பக்கமாகத் தேய்ந்திருந்தது. என் கால் தேய்த்தது இல்லை அது. அந்தத் தேய்மானத்துக்குத் தக்கபடி என் கால் சாய்ந்துகொண்டிருந்தது. புதுச் செருப்பு மூன்று தலை. யோசித்துவிட்டு அதையே போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை எனக்கு விடுமுறை. வெயில் ஏற ஏற ரப்பர்க் காய்கள் மரத்திலேயே வெடித்து விதைகள் தகரத்தில் வந்து விழும். பட், பட்டென்று வரிசையின் அந்தக் கோடியில் தொடங்கி, ஒவ்வொரு கூரையாகக் கடந்து, என் கூரைக்கு வரும். வெறும் விதை என்று தெரியும். தெரிந்தும் என் கூரையில் விழுந்ததும் "இருக்கேன்" என்று வாயில் வந்துவிடும். ஒரு நாள் வாய்விட்டே சொல்லிவிட்டேன். நட்டநடு மத்தியானம், பக்கத்தில் ஒரு ஈ காக்கா இல்லை.

இரண்டாம் வருஷம் எனக்குக் கடுமையான காய்ச்சல். பாயை விட்டுத் தலையைத் தூக்க முடியவில்லை. காலையில் இரும்புச் சத்தம் கேட்டது. எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. இருபத்தேழு என்றார் கிராணி. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. நான் பதில் சொல்லவில்லை. இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன், நான் சொல்லவில்லை. ஆனால் "இருக்கேங்க ஐயா" என்று வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் போனது. பிறகு இருபத்தெட்டு, அக்காவின் குரல்.

கொஞ்ச நேரத்தில் கஞ்சி கொண்டுவந்தார் அக்கா. முகம் கழுவி, தலை வாரி, பூ வைத்திருந்தார். அதுவரை அவரைப் பூவோடு நான் பார்த்ததில்லை.

"காய்ச்சல்லயும் பதில் சொன்னீங்களே தம்பி. இன்னிக்குக் குரல் நல்லா இருந்துச்சு."

நான் சொல்லவில்லை அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்ல மனம் வரவில்லை, கஞ்சியைக் குடித்தேன்.

அப்போதே இடத்தைக் காலி பண்ணியிருக்க வேண்டும். காசு காலைக் கட்டிப்போட்டது. இரண்டு வருஷம் முடிந்தபோது, இவ்வளவு மலிவாக இருக்கும்போது இன்னும் ஒரு வருஷம் இருந்தால் கடையோடு ஒரு மாடியும் எடுக்கலாமே என்று கணக்குப் போட்டேன். மனைவிக்கும் அப்படியே எழுதினேன். கூடவே ஒரு படம் அனுப்பினேன். ஈப்போவில் ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்தது, நான்கு தலை செலவு. என் முகத்தையே பார்த்திராத மகள் பார்க்கட்டும் என்று நீலக் கட்டம் போட்ட அந்த நல்ல சட்டையில் நின்றேன்.

வேலை அனுமதியைப் புதுப்பிக்க, குடியிருக்கும் இடத்துக்கு அத்தாட்சி கேட்டார்கள். கிராணியிடம் வாடகை ரசீது கேட்டேன். ஒரு மாதமும் விடாமல் எழுதி வைத்திருந்தார். எல்லாவற்றிலும் முப்பது வெள்ளி என்று இருந்தது.

"ஐயா, நான் பத்துதானே தர்றேன்?"

"ஓம். மிச்சம் இருவதை இருபத்தெட்டு தாறா. உமக்குப் பத்து எண்டு சொல்லச் சொன்னதே அவதான். உமக்கு முதல் மூண்டு பேர் இருந்தவை, அவைக்கும் அப்பிடித்தான். ஒருத்தரும் மூண்டு மாசம் தாண்டேல்ல. நீர்தான் நிண்டு பிடிச்சீர்."

"எதுக்குங்க ஐயா?"

அவர் புத்தகத்தைப் புரட்டி என் பக்கம் திருப்பினார். தோட்டத்தில் புருஷனுக்கும் பெண்சாதிக்கும் அடுத்தடுத்த எண் கொடுப்பது வழக்கமாம். இருபத்தேழுக்கு எதிரே ஒரு பெயர், இருபத்தெட்டுக்கு எதிரே அக்காவின் பெயர். ஒன்பது வருஷமாக இருபத்தேழின் வரிசையில் பட்டை பட்டையாக வெறும் கோடு, நடுவில் மூன்று இடத்தில் மட்டும் கொஞ்ச நாள் டிக். நான் வந்த நாளிலிருந்து ஒரு கட்டம் விடாமல் டிக். காய்ச்சல் நாளிலும் டிக். இரண்டு வருஷமாகத் தினமும் என் எண்ணுக்கு அடுத்த எண்ணைக் காதால் கேட்டும் எனக்கு உறைக்கவில்லை என்றால், மிச்சக் கணக்குக்கு வெளியே எனக்கு மூளையே வேலை செய்யவில்லை என்றுதான் அர்த்தம்.

அன்று சாயங்காலம் அக்காவிடம் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். மாதம் நூற்றிருபது வெள்ளிக் கூலியில் இருபதை இப்படியா கொட்டுவது என்றேன்.

அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"காலையில எம்பேருக்கு முன்னால ஒரு ஆம்பள குரல் கேக்குது தம்பி. அப்புறம் நான் பதில் சொல்றேன். அதோட எனக்குப் பொழுது விடிஞ்சிரும். இருபது வெள்ளிக்கு வேற என்ன கிடைக்கும் சொல்லுங்க?"

"நான் அவரு இல்லையே அக்கா."

"தெரியும்லா" என்றார். "எனக்கென்ன பைத்தியமா?"

மறுநாளும் இருபத்தேழுக்குக் குரல் கொடுத்தேன். இருபது வெள்ளியை நானே தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் கஞ்சத்தனத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மூன்று வாரம் கழித்து மனைவியின் கடிதம் வந்தது. கடைக்கு வெளியே நின்று, நல்ல பகல் வெளிச்சத்தில் படித்தேன். படத்தைப் பார்த்துக் குழந்தை அழுததாம். அவளுக்கே முதலில் யாரோ என்று இருந்ததாம். பிறகு வீட்டுச் செய்தி. ரேஷன் கார்டைச் சரிபார்க்க ஆள் வந்தார்களாம். வீட்டுத் தலைவர் வெளிநாட்டில் என்று தெரிந்தால் என் பெயரை அடித்துவிடுவார்கள். சர்க்கரையும் மண்ணெண்ணெயும் குறையும். வெளியில் வாங்க விலை கட்டுப்படியாகாது. "அதனால உங்க தம்பியையே நீங்கன்னு சொல்லி நிக்க வச்சோம். கடையில உங்க பேரைக் கூப்பிட்டா அவருதான் இருக்கேன்னு சொல்றாரு. ஒண்ணும் தப்பு நெனச்சுக்காதீங்க. நீங்க வர்ற வரைக்கும்தானே" என்று எழுதியிருந்தாள்.

தப்பு என்று நினைக்க என்ன இருக்கிறது. என் தம்பி பசு மாதிரி. மனைவி செய்தது நான் செய்திருக்கக்கூடிய அதே கணக்கு. ஆனாலும் வெயிலில் நின்றபடியே கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். இங்கே நான் ஒருவன் இடத்தில் நின்று இருக்கேன் என்கிறேன். அங்கே என் இடத்தில் ஒருவன் நின்று இருக்கேன் என்கிறான். அப்படியானால் நான் எங்கே இருக்கிறேன் என்று ஒரு கேள்வி வந்து, கடைக்குள் போய்க் கண்ணாடி முன் நின்றேன். சட்டை அவருடையது. காலில் செருப்பு அவருடையது. ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் காலை இரும்புச் சத்தம் கேட்குமுன்பே எழுந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த என் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். தோளில் பிடித்தது. எண்கள் வந்தன. இருபத்தேழு.

வாயை இறுக்கிக்கொண்டேன். கிராணி எப்போதும் விடும் அளவுக்கு விட்டார். "இருபத்தேழு" என்றார் மறுபடியும். தொண்டைக்குள் அந்தச் சொல் தானாக ஏறி வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். எனக்குப் பின்னால், இருட்டாகக் கிடந்த என் வீட்டுக்குள்ளிருந்து யாராவது சொல்லிவிடுவார்களோ என்று காது அங்கேயே இருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

மூன்றாவது முறை கூப்பிட்டார்.

"அவரு இல்லீங்க ஐயா" என்றது பக்கத்து வாசலிலிருந்து அக்காவின் குரல்.

கிராணி குனிந்து ஒரு கோடு போட்டார். பேனா காகிதத்தில் கீறும் சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு "இருபத்தெட்டு" என்றார்.

"இருக்கேன்யா" என்றார் அக்கா.

அந்த மாதமே டிக்கெட் எடுத்தேன். மாடிக்கும் கடைக்கும் சேர்த்திருந்ததில் கடை மட்டும்தான் தேறும் என்றது கணக்கு. போகட்டும் என்றேன். சட்டை, செருப்பு, சைக்கிள் எல்லாவற்றையும் அக்கா வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். நூறு வெள்ளி கொடுத்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஊருக்குப் போற ஆளுக்குச் செலவு நெறைய இருக்கும்லா. வச்சுக்குங்க" என்றார். நான் சைக்கிள் இல்லாமல் பெரிய சாலைவரை நடந்து போனேன். அவர் வாசலில் நின்றாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டேன் என்று பயம்.

ஊருக்கு வந்த நாலாம் நாள் ரேஷனில் சர்க்கரை போட்டார்கள். நான்தான் வந்துவிட்டேனே, நானே போகிறேன் என்று கிளம்பினேன். பை தூக்கத் தம்பியும் வந்தான். இரண்டரை வயது மகளும் வந்தாள். என்னிடம் வரமாட்டாள்; இன்னும் பழகவில்லை என்றாள் மனைவி. காலை பத்து மணி வெயிலில் வரிசையில் நின்றோம். கடைக்காரர் கார்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாசித்தார். வாசித்துவிட்டுக் கொஞ்சம் காத்தார். ஆள் குரல் கொடுத்ததும் குறித்துக்கொண்டார்.

என் பெயரை வாசித்தார். மூன்று வருஷமாக யாரும் என்னை அப்படி முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பதில் சொல்ல எனக்கு ஒரு நொடி பிடித்தது.

"இருக்கேன்" என்றான் தம்பி, பழக்கத்தில். குழந்தை அவன் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றது. திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன்.